ரெட் சேனலில் போன குங்குமம்

குமரவேல் ஸ்டூடியோவுக்குள் வந்தபோது நான் ஒரு கல்யாண ஆல்பத்துக்கு பேக்ரவுண்டு மாற்றிக்கொண்டிருந்தேன். முந்தின நாள் அச்சகத்திலிருந்து வந்த விழா மலரின் பிரதி ஒன்று அவர் கையில் இருந்தது. முதல் பக்கத்தைப் பிரித்து என் கீபோர்டு மேல் வைத்தார்.

"அக்கா, இந்த போட்டோவ நல்லா பாருங்க. என்னா தெரியுது?"

பார்த்தேன். குமரவேலுக்குப் பாடம் சொன்ன எச்.எம். சாரும் அவர் மனைவி அஞ்சலாட்சி அம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். படம் ஷார்ப்பாக இருந்தது. முகங்கள் பளிச்சென்று இருந்தன.

"நல்லாத்தானே வந்துக்குது?" என்றேன்.

"அம்மா நெத்தியப் பாருங்க."

நெற்றியில் ஒன்றும் இல்லை. வகிட்டிலும் இல்லை. புடவை ஏறக்குறைய வெள்ளை. அறுபதாம் கல்யாணத்துக்கு அச்சடித்த மலரில், உயிரோடு இருக்கும் கணவர் பக்கத்தில், அந்த அம்மாவை விதவைக் கோலத்தில் உட்கார வைத்திருந்தேன். சார் இருதய ஆபரேஷன் முடிந்து சென்னையிலிருந்து வீடு திரும்பி ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"நேத்து சாயங்காலம் அம்மாவோட நாத்தனார் பிரிச்சிப் பார்த்துட்டு டக்குனு மூடி கவுத்து வச்சிட்டாங்களாம். என்னான்னு அம்மா புடுங்கிப் பார்த்திருக்காங்க. அதுல இருந்து சாப்பிடல. சார், இது டெக்னிக்கல் மிஸ்டேக்குன்னு சொல்லி சிரிக்கிறாரு. அவர் சிரிக்க சிரிக்க அம்மாவுக்கு அழுகை வருது" என்றார் குமரவேல்.

புரூஃப் பார்த்தவர்கள்

பெரிய காஞ்சிபுரத்தில் அந்த ஸ்டூடியோவில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தேன். பாதி வருடங்கள் நெகட்டிவ் மேல் பென்சிலால் டச்சிங். மீதி வருடங்கள் ஃபோட்டோஷாப். கம்ப்யூட்டர் வந்தபோது முதலாளி நாகப்பன் என்னை இரண்டு மாதம் வகுப்புக்கு அனுப்பினார். திரும்பி வந்ததும் எனக்கு 'சிஸ்டம் ஆபரேட்டர்' என்று பெயர். இப்போது போனில் விரலால் ஒரு தட்டு தட்டினால் கலர் படம் கறுப்பு வெள்ளை ஆகிவிடுகிறது. ஆனதும் 'வாவ்' என்று நாலு பேர் எழுதுகிறார்கள். எதைத் தட்டினோம் என்று யாரும் பார்ப்பதில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, நானும் அப்படித்தான் தட்டினேன்.

சாரிடம் படித்தவர்கள் சேர்ந்து மலர் போட்டார்கள். குமரவேல் பட்டுக்கடை ஒன்றில் சேல்ஸ்மேன், அவர்தான் ஓடியாடிச் செய்தவர். அட்டை மட்டும் கலர், உள்ளே எல்லாம் கறுப்பு வெள்ளை. எங்கள் கேமராமேன், சார் வீட்டுக்கே போய் டிஜிட்டலில் எடுத்து வந்தார். அஞ்சலாட்சி அம்மா மிளகாய்ப்பழச் சிவப்பில் பட்டுப் புடவை, பச்சைக் கரை, காசு அகலத்துக்குக் குங்குமம். கலரில் பார்த்தால் கோயில் தேர் மாதிரி இருந்தார்கள்.

டிஜிட்டல் படத்தைக் கம்ப்யூட்டர் மூன்று தட்டுகளாக வைத்திருக்கும். ரெட், க்ரீன், ப்ளூ. அவற்றைச் சேனல் என்போம். ஒவ்வொன்றையும் தனியாகத் திறந்தால் ஒரே ஆளின் மூன்று வேறு கறுப்பு வெள்ளைப் படங்கள் கிடைக்கும். ரெட் சேனலில் தோல் வெளுத்து, மங்கு, தழும்பு, கண்ணடிக் கருவளையம் எல்லாம் மறைந்துவிடும். எங்கள் ஸ்டூடியோவுக்கு வருகிறவர்கள் உட்காருவதற்கு முன்னால் சொல்வது, "கொஞ்சம் கலரா காட்டுங்கபா" என்பதுதான். அதனால் கறுப்பு வெள்ளை என்றாலே ரெட் சேனலை மட்டும் எடுத்து, மற்ற இரண்டையும் வீசிவிடுவது என் வழக்கம். பதினைந்து விநாடி வேலை. நாகப்பன் எட்டிப் பார்த்து, "கோமளா கைப்பட்டா கரிச்சட்டியும் பளபளன்னு ஆயிடுது" என்பார். எனக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் இருந்தது.

ஆனால் ரெட் சேனலில் சிவப்பான பொருள் எல்லாமே வெளுத்துவிடும். தோலும் குங்குமமும் ஒரே நிறமாகிவிடும். இது எனக்குத் தெரியாதா என்றால், தெரியும். வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். தெரிந்த விஷயம் அன்று என் கண்ணில் படவில்லை.

சாருடைய நெற்றியைக்கூட ஜூம் செய்து பார்த்தேன், விபூதிக் கீற்று தனியாகத் தெரிகிறதா என்று. தெரிந்தது. புரூஃப் பார்த்த மற்ற எல்லாரும் ஆண்கள். தன் பெயருக்குப் பின்னால் பட்டம் சரியாக வந்திருக்கிறதா, தன் வாழ்த்துரை எத்தனையாவது பக்கம் என்று பார்த்தார்கள். பார்த்த ஒரே பெண் நான். என் வீட்டுக்காரர் போய் அப்போது ஆறு வருடம். தினமும் கண்ணாடியில் நான் பார்க்கிற முகத்தில் நெற்றி அப்படித்தான் இருந்தது. வெறும் நெற்றி எனக்கு வித்தியாசமாகத் தெரியவில்லை. இதை அன்று யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் யாருக்குப் புரியும்?

வைரஸ்

"அம்மா நேர்ல வரேன்னு சொல்லிட்டாங்க. ஆட்டோ வரச் சொல்லிருக்கேன்" என்று அவரை அழைத்துவரக் குமரவேல் கிளம்பினார்.

நாகப்பன் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். கெட்டவர் இல்லை. என் வீட்டுக்காரர் இறந்தபோது மூன்று மாதம் வேலையை எனக்காக வைத்திருந்தவர். குரலைத் தணித்துச் சொன்னார்.

"கோமளா, நீ கொஞ்ச நேரம் பின்னாடி லேப்ல போய் இருமா. அவங்க வந்துக்கினு இருக்காங்க. நல்ல காரியம் பண்ற வீடு. இத செஞ்சது நீன்னு தெரிஞ்சா…"

"தெரிஞ்சா?"

"சிஸ்டத்துல வைரஸ்னு சொல்லிக்கிறேன் போ" என்றார்.

லேப்புக்குள் போய் நின்றேன். கோபம் வந்தது, ஆனால் பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. எங்கள் ஸ்டூடியோவுக்குச் சோறு போட்டது கல்யாண ஆல்பங்கள்தான். 'தாலி அறுத்தவ கை பட்டுச்சு, அந்த அம்மா நெத்தி வெறுமையாயிடுச்சு' என்று ஒரு பேச்சு கிளம்பினால் எந்த மாப்பிள்ளை வீட்டுக்காரர் எங்கள் படியேறுவார்? நாகப்பன் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் என்னை வைத்திருக்க முடியாது. என் பெண்கள் இருவரும் அப்போது பள்ளிக்கூடத்தில்.

ஆட்டோ வந்து நின்றது. முன்னறைப் பேச்சு லேப்பில் கேட்டது.

"என்னாபா இது நாகப்பா, இப்பிடிப் பண்ணி வச்சிக்கிறீங்க?"

"யானைக்கும் அடி சறுக்கும்மா. சிஸ்டத்துல வைரஸ் பூந்துக்குச்சி. அதான்."

"வைரஸ்னா காய்ச்சலுக்கு வரதுதானே? அது எப்பிடி என் குங்குமத்தத் துடைக்கும்?"

எனக்கு அதற்கு மேல் உள்ளே நிற்க முடியவில்லை. வெளியே வந்தேன்.

"வைரஸ் இல்லமா. நான் செஞ்சது. தப்பு என்னுது."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு நெற்றியைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. கல்யாண வீடுகளில் தாம்பூலத் தட்டு என்னைத் தாண்டிப் போவதற்கு முன்னால் அப்படித்தான் பார்ப்பார்கள். முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு சிஸ்டத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

"எங்க போச்சின்னு எனக்குக் காட்டு."

மூன்று தட்டு

ஒரிஜினல் ஃபைலை அழிக்காமல் வைத்திருந்தேன், அந்த ஒரு நல்ல பழக்கம் மட்டும் என்னிடம் இருந்தது. கலர்ப் படத்தைத் திறந்தேன். சிவப்புப் புடவையும் குங்குமமும் இருந்தன. ரெட் சேனலை மட்டும் தட்டினேன். இரண்டும் போயின. அஞ்சலாட்சி அம்மா கையை நெற்றிக்குக் கொண்டு போய்த் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"எங்கயும் போகலமா. இங்க இருக்குது பாருங்க" என்று க்ரீன் சேனலைத் தட்டினேன்.

குங்குமம் கருகருவென்று வட்டமாக வந்து உட்கார்ந்தது. வகிட்டில் இருந்ததும் வந்தது. புடவை கறுத்து, கரை தனியாகத் தெரிந்தது.

"இன்னொரு வாட்டி அமுத்து."

அமுக்கினேன். போயிற்று, வந்தது. நாலைந்து முறை அப்படியே செய்யச் சொல்லிப் பார்த்தார். எதுவும் அழியவில்லை, நான் தப்பான தட்டை எடுத்துவிட்டேன் என்பது அவருக்குப் புரிந்தது. மூச்சை விட்டார். குமரவேல் ஓடிப் போய் டீ வாங்கி வந்தார். முந்தின நாள் மாலையிலிருந்து அம்மாவின் வயிற்றுக்குள் போன முதல் ஆகாரம் அதுதான்.

நாகப்பன் பின்னாலிருந்து, "அதுல முகத்துல மங்கு தெரியுதேம்மா" என்றார்.

"மூஞ்சில இருக்கறது தெரிஞ்சா தெரியட்டும் போ. உன்ன யாரு மறைக்கச் சொன்னது?"

மேடையில் வைக்கப் பெரிய படம் ஒன்று போட வேண்டியிருந்தது. அதை அவர் முன்னாலேயே, மூன்று தட்டையும் வேண்டிய அளவில் கலக்கிற சேனல் மிக்ஸரில் செய்தேன். க்ரீனைக் கூட்டி, ரெட்டைக் குறைத்து, ஒவ்வொரு முறையும் "போதுமாம்மா?" என்று கேட்டுக் கேட்டு. அது சரியாகிவிட்டது. மலர்தான் பாக்கி. முந்நூறு பிரதிக்குமேல் தைத்து, வெட்டி, கட்டுக் கட்டாக வந்துவிட்டது. விசேஷம் ஒரு நாள் விட்டு மறுநாள். மறுபடி ப்ளேட் போட்டு ஓட்ட நேரமில்லை என்று அச்சகத்தில் கையை விரித்துவிட்டார்கள். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்றார் குமரவேல். முதல் பக்கத்தைக் கிழித்து விசேஷத்தில் கொடுப்பதா என்று நாகப்பன் தலையில் கை வைத்தார்.

அஞ்சலாட்சி அம்மா டீயைக் குடித்து முடித்தார். "பத்திரிகைக்கு நாலு மூலையிலயும் மஞ்ச தடவித்தானே குடுக்கிறோம். இதுக்கு நெத்தியில வச்சிக் குடுப்போம்" என்று முந்தானை முடிச்சிலிருந்து குங்குமப் பொட்டலத்தை எடுத்தார்.

அது வழவழப்பான ஆர்ட் பேப்பர். தூள் நிற்காது, உதிர்ந்து அடுத்த பக்கமெல்லாம் அப்பிவிடும் என்று சொன்னேன். பழைய நாளில் கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு உதட்டுச் சிவப்பு தீட்டுகிற போட்டோ கலர் ஒரு பாட்டில் லேப்பில் மிச்சம் இருந்தது. அதையும் நுனி மெலிந்த பிரஷ் ஒன்றையும் கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தேன்.

"நீங்களே வைங்கம்மா."

முதல் பிரதியை எடுத்தார். பிரஷ் வழுக்கி, பொட்டு புருவத்தின் மேல் விழுந்தது. இரண்டாவது மூக்கில் இறங்கிவிட்டது. பிரஷை என் பக்கம் நீட்டினார்.

"நீ வையி."

"நான் வைக்கக் கூடாதும்மா."

மற்றவர்கள் சொல்லித்தான் அந்த வார்த்தையை ஆறு வருடம் கேட்டிருந்தேன். என் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதும் அழுகை வந்துவிட்டது.

"பொட்ட எடுத்தது யாரு?" என்று கேட்டார்.

"நான்தான்."

"அப்ப நீதான் வைக்கணும். புடி."

நாகப்பன் முதல் கட்டின் கயிற்றை அவிழ்த்தார். குமரவேல் பக்கத்தைப் பிரித்துப் பிரித்து வைக்க, நான் பொட்டு வைக்க, அஞ்சலாட்சி அம்மா ஒவ்வொன்றையும் வாங்கி ஊதிக் காயவைத்து அடுக்கினார். ஐம்பதாவது பிரதிக்குப் பிறகு என் கையிலிருந்த பதற்றம் போய்விட்டது. புடவை வெள்ளையாகவே இருக்கிறதே என்றேன். "இருந்துட்டுப் போவுது. வெள்ளப் பட்டுன்னு நெனச்சிப்பாங்க" என்றார். ஏற்கனவே வெளியே போயிருந்த பிரதிகளை குமரவேல் சைக்கிளில் அலைந்து திரும்ப வாங்கி வந்தார். இரண்டு மூன்று கிடைக்கவில்லை. அவை இன்னும் எந்த வீட்டு அலமாரியில் இருக்கின்றனவோ.

அதன் பிறகு எந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளை ஆக்கினாலும் மூன்று சேனலையும் தனித்தனியாகத் திறந்து பார்ப்பேன். இதில் சிவப்பு எங்கே இருக்கிறது, அது இவர்களுக்கு என்ன என்று கேட்டுக்கொள்வேன். நெற்றி, வகிடு, மருதாணிக் கை, கரையை வேறு நிறத்தில் நெய்து சேர்த்த கோர்வைப் புடவை, சாமி படமானால் சாத்தியிருக்கிற மாலை. பிறகுதான் மிக்ஸரைத் தொடுவேன். படத்தில் இருக்கிற பெண்ணிடமே புரூஃபைக் காட்டாமல் எதையும் அச்சுக்கு அனுப்பியதில்லை. இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதும் இவ்வளவுதான்.

சாருக்கு ஒன்றும் ஆகவில்லை. நன்றாக நடமாடிக்கொண்டிருந்தார். அது ஆபரேஷன் செய்த டாக்டரின் கை. ஆனால் அந்த வருடம் அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் அது என் கை என்று ஊரே சொல்லியிருக்கும். ஆகாமல் இருந்ததற்கு யாரும் என் கையைச் சொல்லவில்லை.

இரண்டு வருடம் கழித்து அஞ்சலாட்சி அம்மாவின் கடைசி மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. சம்பந்தி வீட்டு அம்மாவையும் அழைத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்கு வந்தார். நான் லேப்பில் இருந்தேன். நாகப்பன் ஆல்பம் மாடல்களை எடுத்துப் போட்டு, எது வேண்டும் என்று கேட்டார்.

"மாடல் எதுவோ ஒண்ணு போடு. கோமளா இருக்குதா? அது கைதான் மொதல்ல படணும்" என்றார் அஞ்சலாட்சி அம்மா.

நாகப்பன் தெருவுக்கே கேட்கும்படி என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கையைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்குப் போனேன்.