ஆளில்லாத காடு

அக்கா எம்.ஏ. இரண்டாம் வருடம் படித்தபோது அவள் கல்லூரியில் புதிதாக ஒரு பாடம் வைத்தார்கள். இலக்கியத்துக்கும் காட்டுக்கும் வெள்ளைக்கார ஆட்சிக்கும் என்ன சம்பந்தம் என்று சொல்லித் தருகிற பாடமாம். எனக்கு அப்போது பத்து வயது. மூன்றையும் தனித்தனியாகச் சொன்னாலே எனக்கு விளங்காது. அக்கா தினமும் காலை ரயிலில் ஓசூரிலிருந்து பெங்களூருக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். அந்தப் பாடத்துக்குக் கடைசியில் பரீட்சை இல்லை என்றும், அதற்குப் பதிலாக ஒரு புராஜெக்ட் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னாள். பரீட்சையே இல்லாத படிப்பு எவ்வளவு சுகம் என்று நான் பொறாமைப்பட்டேன்.

நூறு வருடங்களுக்கு முன்னால் ஒரு வெள்ளைக்கார அதிகாரி எழுதிய புத்தகத்தை அவள் எடுத்துக்கொண்டாள். நூலகத்திலிருந்து அதை வெளியே விட மாட்டார்கள் என்பதால் ஒரு அத்தியாயத்தை நோட்டில் கையால் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். அந்தத் துரை கெலமங்கலத்துக்கு அப்பால் இருக்கிற காட்டில் குதிரையில் சுற்றியவர். மரங்களையும் பறவைகளையும் வரிசையாகச் சொல்லிவிட்டு, இங்கே மனிதர் வாழ்ந்த சுவடே இல்லை, யானைகள் மட்டுமே உலவுகின்றன என்று முடித்திருந்தார். அந்த வரிக்கு அடியில் அக்கா சிவப்பு மையால் கோடு போட்டிருந்தாள்.

"அப்பாவோட தாத்தா பொறந்ததே அங்கதான்டி" என்றாள் என்னிடம்.

காட்டைச் சுற்றி எல்லைக்கல் நட்டபோது உள்ளே குடியிருந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். அவர்கள் கல்லுக்கு இந்தப் பக்கம் வந்து குடிசை போட்டுக்கொண்டார்கள். அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, இன்னும் அங்கேதான் இருந்தாள். அத்தையைக் கூட்டிக்கொண்டு போய்ப் பழைய ஊர் இருந்த இடத்தைப் பார்த்து, அளந்து எழுதிவிட்டால் துரை எழுதியது பொய் என்று ஆகிவிடும். இதுதான் அக்காவின் திட்டம். அப்பாவிடம் கேட்டாள். யானை இருக்கிற இடம், வேண்டாம் என்றார் அப்பா. அதற்குமேல் அவரிடம் பேச முடியாது.

அப்பா ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். காலை ஏழரைக்குக் கம்பெனி பஸ் ஏறினால் மாலை ஆறுக்குத்தான் திரும்புவார். நடுவில் இருக்கிற அந்த நேரத்தில் போய் வந்துவிடலாம் என்று அக்கா கணக்குப் போட்டாள். கெலமங்கலத்தில் கூடப் படிக்கிற பெண் வீட்டுக்குப் போவதாக அம்மாவிடம் சொன்னாள். என்னை அழைத்துக்கொண்டு போனது பாசத்தால் அல்ல. தனியாகப் போக அம்மா விட மாட்டாள் என்பதால்தான். வாயைத் திறக்காமல் இருந்தால் திரும்பும்போது பேக்கரியில் பப்ஸ் வாங்கித் தருவதாகப் பேச்சு.

பயம் பஸ்ஸிலேயே ஆரம்பித்துவிட்டது. நீலச் சட்டை போட்ட ஒவ்வொரு ஆளும் எனக்கு அப்பாவாகத் தெரிந்தார். யாராவது ஏறும்போதெல்லாம் அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தேன். கெலமங்கலத்தில் இறங்கி வேறு பஸ் பிடித்து, அதிலிருந்தும் இறங்கி ஒரு மணி நேரம் நடந்தோம்.

எங்களைப் பார்த்ததும் அத்தைக்கு முகம் வெளுத்துப்போனது. "ஒங்கப்பனுக்குத் தெரியுமா?" என்றுதான் முதலில் கேட்டாள். தெரியும் என்று அக்கா துணிந்து சொன்னாள். அத்தை நம்பவில்லை என்பது எனக்கே தெரிந்தது. களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் போட்டாள். வந்த காரியத்தை அக்கா சொன்னபோது கையைக் கழுவிக்கொண்டே, "அங்க இன்னாத்துக்குப் பாப்பா? கல்லும் முள்ளும்தான் கெடக்குது" என்றாள். நீங்கள் வராவிட்டால் நாங்களே போகிறோம் என்று அக்கா எழுந்தாள். அத்தை கொடுவாளை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

எல்லைக்கல் என் இடுப்பு உயரம் இருந்தது. சுண்ணாம்பு அடித்து எண் போட்டிருந்தார்கள். அதைத் தாண்டியதும் பேசக் கூடாது என்று அத்தை கையைக் காட்டினாள். உள்ளே எங்கு பார்த்தாலும் உண்ணிச்செடிப் புதர். அழகுக்காக வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து நட்ட செடி, இப்போது காட்டையே மூடிவிட்டது என்று அக்கா என் காதில் சொன்னாள். பூ அழகாகத்தான் இருந்தது. முள் என் பாவாடையைக் கிழித்தது.

ஒரு அகலமான பாறைக்குப் போய்ச் சேர்ந்தோம். பாறையில் உரல் போல வட்ட வட்டமாகக் குழிகள் குடைந்திருந்தார்கள். எங்கள் பாட்டன் வீட்டுப் பெண்கள் ராகி குத்திய குழிகள் என்று அத்தை மெல்லச் சொன்னாள். உள்பக்கம் கன்னம் போல வழவழவென்று இருந்தது. அம்மாவின் தையல் டேப்பை எடுத்து ஒரு முனையை என்னிடம் கொடுத்தாள். நான் குழிக்குள் கையை விட்டுப் பிடித்துக்கொண்டேன். ஏழு குழிகளில் ஐந்தை அளந்திருப்போம். அத்தை சட்டென்று என் தோளை அழுத்தினாள்.

முதலில் வாசனைதான் வந்தது. ஈர வைக்கோலும் சாணமும் கலந்த வாசனை. பிறகு கிளை முறிகிற சத்தம், மிக நிதானமாக, யாரோ அடுப்புக்கு விறகு ஒடிப்பதுபோல. புதர் விலகியது. தனி யானை. எங்கள் வீட்டுக்கும் தெருக்குழாய்க்கும் இருக்கிற தூரம்கூட இல்லை. அதன் வயிற்றுக்குள் ஏதோ உருளுகிற சத்தம் எனக்குக் கேட்டது. காதுகள் அசைவதை நிறுத்தின. எங்களைப் பார்த்துவிட்டது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பாவாடை நனைந்து காலில் சூடாக வழிந்தது. அக்கா என்னைத் தன் வயிற்றோடு சேர்த்து அழுத்தியதில் அவள் நெஞ்சு அடித்துக்கொள்வது என் மண்டைக்குள் கேட்டது. எங்கள் இரண்டு பேரையும் பாறைச் சரிவில் தள்ளிவிட்டு அத்தை எழுந்து நின்றாள். கொடுவாளைக் கீழே போட்டாள். கையைக் கூப்பினாள்.

"சாமி, நீ ஒன் தாரியில போ சாமி" என்றாள். தாரி என்றால் அங்கே வழி. பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற குரல்தான். "ஒண்ணு குடுத்தாச்சு. போதும். இதுங்க என் தம்பி பிள்ளைங்க. இதுங்கள வுட்டுடு. ஒண்ணு குடுத்தாச்சில்ல..."

திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். யானை தும்பிக்கையைத் தூக்கி எங்கள் பக்கம் காற்றை இழுத்தது. ஒரு அடி முன்னால் வைத்தது. அத்தை அசையவில்லை. குரல் மட்டும் உடைந்தது. எவ்வளவு நேரம் என்று என்னால் சொல்ல முடியாது. பிறகு அது பக்கவாட்டில் திரும்பி, வந்த நிதானத்திலேயே புதருக்குள் போனது. அத்தை அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

திரும்பி ஓடியதும் நடந்ததும் அரைகுறையாகத்தான் நினைவிருக்கிறது. டேப் அங்கேயே கிடந்துவிட்டது. பஸ் நிறுத்தத்தில் அக்கா தணிந்த குரலில் அத்தையிடம் ஏதோ கேட்டாள். அத்தை சொன்னது எனக்குக் கேட்கவில்லை. பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தாள். டேப் போனதற்காக அம்மா திட்ட மாட்டாள் என்று நான் தேற்றினேன். பப்ஸை நானும் கேட்கவில்லை, அவளும் வாங்கவில்லை.

அக்கா புராஜெக்டை எழுதி முடித்தாள். ஏழு குழிகளையும் அளந்த ஐந்தின் ஆழத்தையும் எழுதி, துரையின் அந்த வரியையும் பக்கத்தில் வைத்தாள். பேராசிரியர் வகுப்பில் அதைப் படித்துக் காட்டிப் பாராட்டினாராம். யானையிடம் அத்தை பேசியதை மட்டும் அவள் எழுதவில்லை.

அத்தைக்கு ஒரு மகன் இருந்தான் என்பது நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பன்னிரண்டு வயதுப் பையன். எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம், தங்கள் ராகிக் கொல்லையில் யானை அவனைக் கொன்றது. அப்போது அப்பாவும் அந்த ஊரில்தான் இருந்தார்; அன்றைக்குக் கொல்லைக் காவல் அவர் முறை. அக்கா பிறந்த செய்தி வந்ததால் அப்பா குழந்தையைப் பார்க்க ஓசூருக்கு வந்துவிட்டார். அவருக்குப் பதிலாகப் பையன் போனான்.

காட்டுக்குப் போய் வந்த அன்று மாலை எனக்கு நெருப்பாகக் காய்ச்சல். ஆறு மணிக்கு வந்த அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் என் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். கையில் எண்ணெய் வாசனை. எதற்குப் பயந்தாய் என்று கேட்டார். வாயைத் திறக்கக் கூடாது என்ற பேச்சு எனக்கு மறந்துபோனது. காட்டையும் யானையையும் சொன்னேன். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை.

"அப்பா, ஒண்ணு குடுத்தாச்சுன்னு அத்தை யானைகிட்ட சொன்னாங்க. ஆடா குடுத்தாங்க?"

நெற்றியில் இருந்த கை அப்படியே நின்றது. வாசற்படியில் நின்றிருந்த அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஆமா கண்ணு" என்றார் அப்பா. "ஆடுதான்."

எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒரு ஆட்டுக்காக அக்கா ஏன் இப்படி அழுகிறாள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.