குணா அண்ணன் எழுதி ஒட்டிய டேப்

ஜெலுத்தோங் மார்க்கெட்டில் மீனை வெட்டக் கொடுத்துவிட்டு நின்றபோது கைப்பேசி அதிர்ந்தது. "குணா அண்ணே தவறிட்டாரு. மாரடைப்பு. மாக் மண்டின் பேக்டரியில வேலையில இருக்கும்போதே." ஜார்ஜ் டவுன் கம்ப்யூட்டர் கடையில் ஒரு காலத்தில் ஒன்றாக வேலை பார்த்த நம்முடைய வாட்ஸ்அப் குழுவில் வந்த செய்தி அது. ஐந்து நிமிடத்தில் கும்பிட்ட கைகள் வரிசையாக வந்து விழுந்தன. நான்காவதாக, கடை முதலாளியான நம் தவுக்கே எழுதியிருந்தார்: "தங்கமான மனுஷன். நேர்மையான தொழிலாளி." எவரைத் திருடன் என்று சொல்லிக் கடையை விட்டு அனுப்பினாரோ, அவரைப் பற்றி இப்படி எழுத எப்படி மனம் வந்தது? தவுக்கேயை மட்டும் கேட்பானேன். நானும் ஒரு கும்பிட்ட கையைத்தான் போட்டேன்.

குணா அண்ணனோடு ஒரே மேசையில் ஆறு வருடம் வேலை பார்த்தவள் நான். ஒரு முறை ஒரு வாடிக்கையாளர், ஏற்கெனவே இருந்த இரண்டு மெமரியோடு இன்னும் இரண்டை வாங்கிச் செருகிவிட்டு, கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுபோகிறது என்று தூக்கிக்கொண்டு வந்தார். அண்ணன் நான்கையும் கழற்றி, ஒவ்வொன்றாகப் போட்டு, பிறகு ஜோடி ஜோடியாகப் போட்டு, ஒரு பகல் முழுக்கச் சோதித்தார். கடைசியில் மெமரியின் வேகத்தை 3600இலிருந்து 3200க்கு இறக்கி வைத்தார். வாடிக்கையாளர் குதித்தார். "பெட்டியில 3600ன்னு போட்டிருக்கு லா, அண்ணே!"

"பெட்டியில போட்டிருக்கறது ஜோடியா ஓடுனா வர்ற வேகம், தம்பி. நாலும் சேர்ந்து ஓடணும்னா கொஞ்சம் விட்டுக் குடுக்கத்தான் வேணும்" என்றார் அண்ணன். அதிர்ந்து பேசி நான் கேட்டதில்லை.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. தன் கை பட்ட ஒவ்வொரு கம்ப்யூட்டரின் உள்பக்கத்திலும் ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பை ஒட்டுவார். மெமரி எந்தெந்த ஸ்லாட்டில் இருக்கிறது, என்ன வேகத்தில் ஓடுகிறது, எக்ஸ்எம்பி போட்டாயிற்றா என்று அதில் எழுதியிருக்கும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: மெமரி தன் முழு வேகத்தில் தானாக ஓடாது. கம்ப்யூட்டரின் அடிப்படை மென்பொருளான பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பி என்ற அமைப்பைப் போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் 3200 மெமரியும் 2133இல்தான் நடக்கும். "டேப் குணா" என்று நாம் எல்லோரும் கேலி செய்வோம். "நாளைக்கு எவன் தொறந்தாலும் நான் என்ன செஞ்சேன்னு தெரியணும்ல" என்பார்.

கல்யாண வீடியோ எடுப்பவர் ஒருவருக்கு அண்ணன் 3200 மெமரி போட்டுக் கொடுத்திருந்தார். சில மாதம் கழித்துப் புதிய புராசஸர் போடுவதற்காக அது கடைக்கு வந்தது. அன்று அண்ணன் விடுமுறை. அந்தப் புராசஸருக்காக நான்தான் பயாஸை அப்டேட் செய்தேன். அப்டேட் செய்தால் போட்டு வைத்த அமைப்புகள் எல்லாம் அழிந்துவிடும். எக்ஸ்எம்பியைத் திரும்பப் போட வேண்டும் என்பது முதல் மாதத்திலேயே தெரிந்துகொள்கிற விஷயம். மறந்துவிட்டேன்.

மறுநாளே அந்த ஆள் கத்திக்கொண்டு வந்தார். திரையில் 2133 என்று காட்டுகிறது, 3200 என்று சொல்லிப் பழைய மெமரியைப் போட்டு ஏமாற்றிவிட்டீர்கள் என்றார். தவுக்கே யோசிக்கவே இல்லை. "குணா, நீதானே போட்டே? நல்லதை எங்கே கொண்டு போனே?" அண்ணன் கம்ப்யூட்டரை நோக்கிக் கை நீட்டினார். "நீ தொடாதே. விமலா பார்க்கட்டும்."

நான் உள்ளே எடுத்துப் போய்த் திறந்தேன். டேப் இருந்தது. "2, 4. 3200. எக்ஸ்எம்பி போட்டாச்சு. குணா." மெமரியும் அவர் போட்டதேதான். போட்டதை யாரோ பிறகு அழித்திருக்கிறார்கள் என்று அந்த ஒரு வரியே சொல்லிவிடும். முந்தைய வாரம் ஒரு மதர்போர்டைக் கெடுத்ததற்கு, இன்னொரு தப்பு வந்தால் வேலை இல்லை என்று தவுக்கே என்னிடம் சொல்லியிருந்தார். நான் டேப்பை உரித்துச் சட்டைப் பைக்குள் போட்டேன். எக்ஸ்எம்பியைப் போட்டு, மூடி, வெளியே கொண்டுவந்து, "சரி பண்ணிட்டேன்" என்றேன். நான் மெமரியை மாற்றிவிட்டதாக எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். நானும் நினைக்கட்டும் என்று விட்டேன்.

அன்றே அண்ணனை அனுப்பிவிட்டார்கள். மெமரி மாற்றுகிறவன் என்ற பேச்சு அந்தக் கட்டடத்துக் கடைகள் முழுக்கப் பரவியது. பரப்பியவர்களில் இந்தக் குழுவில் இருப்பவர்களும் உண்டு. யாரும் வேலை கொடுக்கவில்லை. மாக் மண்டினில் பெட்டி அடுக்கப் போனார். அங்கே வேலைக்குப் போன முதல் மாதத்தில் ஒரு தடவை போனில் கூப்பிட்டார். "விமலா, நான் இல்லாத அன்னைக்கு நீ பயாஸ் அப்டேட் பண்ணுனியாம்மா?"

"இல்லண்ணே" என்றேன்.

"சரிம்மா" என்று வைத்துவிட்டார். பிறகு கேட்கவே இல்லை.

புக்கிட் மெர்தாஜாமில் அவர் வீட்டில் இறுதிச் சடங்கு முடிந்ததும் அவருடைய மனைவி சாந்தி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நான் எடுக்கலன்னு விமலாவுக்குத் தெரியும்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு." எல்லாவற்றையும் சொன்னேன். டேப்பை எடுத்து நீட்டினேன். அக்கா அதை வாங்கவில்லை. கையை மட்டும் விட்டுவிட்டார்.

"இத அவரு இருக்கறப்ப சொல்லியிருக்கலாம்ல?" என்றார். டேப்பைப் பார்த்து, "எனக்கு எதுக்கு இது? அவரு என்ன செஞ்சாருன்னு எனக்குத் தெரியும். நீயே வச்சிக்க" என்றார்.

நண்பர்களே, தவுக்கே, நேர்மையான தொழிலாளி என்று நீங்கள் எழுதியது உண்மைதான். அதற்கான சான்று இத்தனை வருடமாக என் பர்ஸுக்குள் இருந்தது. பசை போய்விட்டது, எழுத்து அப்படியே இருக்கிறது. குணா அண்ணனுடையதாக என்னிடம் இருப்பது இது ஒன்றுதான். அந்தக் கடையில் திருட்டுப்போனதும் இது ஒன்றுதான்.