சாக்கின் மறுபாதி

பண்டாரவளைச் சந்தையில் மழைக்கு நனைந்து கிடந்த உருளைக்கிழங்குச் சாக்கு ஒன்றைத் தாண்டியபோது, அந்த வாடை என்னை நமுனுகுல மலையடித் தோட்டத்துத் தகரக் கோயிலுக்குள் கொண்டுபோய் விட்டது.

மணிக்குப் பதில் தண்டவாளத் துண்டு தொங்கிய மாதா கோயில் அது. சாமியார் மாதம் ஒருமுறைதான் வருவார், மற்ற விடியல்களில் பனியும் கொழுந்து பறிக்கப் போகிற பெண்களும்தான் வருவார்கள். அம்மா இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்த்து, ஈரச் சிமெந்துத் தரையில் விரித்து, ஒரு பாதியில் என்னையும் நெருக்கிக்கொண்டு மண்டியிடுவாள். மறுபாதி, கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போய்த் தகவலே இல்லாமல் போன அண்ணனுக்கு. என் முழங்கால் அந்தப் பக்கம் நகர்ந்தால் செபத்தின் நடுவிலேயே கிள்ளுவாள்.

"தள்ளுடி. அவன் வந்தா எங்க முட்டி போடுவான்?"

காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற கங்காணி வாசலில் நின்று இரைவார். "என்ன மரியாயி, சம்பளம் ஆண்டவரா போடுறாரு? வெரசா பெரட்டுக்கு வா!"

"வர்றேங்க. இன்னும் ஒருத்தன் வரலீங்களே."

அந்த வெறும் பாதியில்தான் ஆண்டவர் இருக்கிறார் என்று நான் நம்பினேன். அங்கே மட்டும் சாக்கு கொஞ்சம் சூடாக இருப்பது போலத் தோன்றும்.

அண்ணன் வரவேயில்லை. ஒரு அடைமழையில் மலை சரிந்து கோயிலை மூடியது, அந்த மண்மேல் இப்போது மானாப்புல். பிறகு அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

நகரத்துக் கோயிலில் முழங்காலிட மெத்தை வைத்திருக்கிறார்கள். ஆனாலும் ஓரமாகத்தான் மண்டியிடுகிறேன், பக்கத்தில் இப்போது இரண்டு பேருக்கு இடம் விட்டு.