வாப்பா கேட்ட பாட்டில்

கோரையை ஒரு கைப்பிடி பறித்து முகத்தருகே கொண்டுபோனால், வெட்டிய வெள்ளரிக்காயில் உப்புத் தூவியதுபோல ஒரு வாசம் வரும். சேதுபாவாசத்திரத்துக்குத் தெற்கே, அலையே இல்லாத எங்கள் கடலில், முழங்கால் தண்ணீருக்கு அடியில் நாற்றங்காலைப் போல விரிந்து கிடந்த கடற்புல்லைத்தான் "கோரை" என்போம். அதை வெள்ளைத் துணியில் உதறினால் இமைமுடி அளவு இறால், கடுகளவு நத்தை, வில்லாய் வளைந்து துள்ளும் கண்ணாடிப் பூச்சி என்று துணி முழுக்க உயிர் ஓடும். படித்தவர்கள் அவற்றுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்களோ, ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்குத் தெரியாது. எங்களுக்கு எல்லாமே "பொடிசு".

என் வாப்பா சவூதியில் லாரி ஓட்டினார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் அவர் முன்னால் எனக்கு வாயே திறக்காது. எட்டு வயதில் ஒருநாள், பேச ஒன்றும் தோன்றாமல், அவருடைய வெள்ளைத் துண்டில் கோரையை உதறிக் கொண்டுவந்து அவர் முன்னால் விரித்தேன்.

"நல்ல துண்டு, கெடுத்துட்டான் பாருங்க" என்று உம்மா கத்தினாள்.

வாப்பாவோ குப்புறப் படுத்து, மூக்கு இடிக்கப் பார்த்தார். "இந்த நத்தை உங்க உம்மா மாதிரியே முறைக்குதுடா" என்றார்.

அன்றிலிருந்து தினமும் இருவரும் கடலுக்குப் போனோம். "நான் இருக்குற எடத்துல வெறும் மணலுடா. ஒரு பாட்டில்ல போட்டுக் குடு, கொண்டுபோறேன்" என்று அவர் விளையாட்டாகக் கேட்டதை நான் அப்படியே நம்பினேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள், ஊறுகாய் பாட்டில் ஒன்றைக் கழுவிப் பொடிசுகளைச் சேர்த்தேன். அவ்வளவு தூரம் உப்புத் தண்ணீரிலேயே போனால் தாகமெடுக்குமே என்று பாவப்பட்டு, கடல்தண்ணீரை வடித்துவிட்டு, குளத்திலிருந்து உம்மா இடுப்பில் சுமந்து வந்த குடிதண்ணீரை ஊற்றினேன். காலையில் எல்லாம் வெளுத்துப்போய் அடியில் கிடந்தன. பாட்டிலோடு வலைக்குவியலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"டேய் தம்பி, பஸ் வந்துருச்சுடா. என் பாட்டில் எங்கடா?" வாப்பா கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். பஸ் போன சத்தம் அடங்கிய பிறகுதான் வெளியே வந்தேன்.

அடுத்த முறை வந்தபோது அவர் அதைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பிறகு அவர் ஊரோடு வந்துவிட, நான் போய்ப் பதினெட்டு வருடம் அதே மணலில் வண்டி ஓட்டினேன்.

இப்போது கோரை இருந்த இடத்தில் கால் சேற்றில் புதைகிறது. அடியைச் சுரண்டிக்கொண்டு போகும் இழுவைமடி வலையைப் போட்டுப் போட்டு வேரோடு போய்விட்டது என்கிறார்கள். போன வாரம் அரை நாள் தேடிக் கிடைத்த நாலு இழையைக் கடல்தண்ணீரோடு பாட்டிலில் போட்டு, கட்டிலை விட்டு எழ முடியாத வாப்பாவிடம் கொடுத்தேன். அதில் ஒரு பொடிசுகூட இல்லை.

"அன்னைக்கு எல்லாம் செத்துப்போச்சு வாப்பா. அதான் ஒளிஞ்சுக்கிட்டேன்."

அவர் பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, புரை விழுந்த கண்ணால் வெகுநேரம் பார்த்தார்.

"எங்கடா செத்துச்சு? ஓடுது பாரு."

"ஆமா வாப்பா" என்றேன்.