மாப்பிள்ளை சொன்னதும் நான் சொன்னதும்

“…அப்ப நேத்துக் கடையில அவரு அழுகாத கொறையாச் சொன்னதை, நீ இவங்ககிட்ட என்னன்னுண்ணே சொன்ன?”

கேட்டவள் என் தங்கை. கத்தவில்லை, சன்னமான குரல்தான். பெருமாள்மலைக்குக் கீழே காட்டுக்குள் இருக்கிற எங்கள் குலசாமி கோயில் வாசல். பங்காளிகள் சுற்றி நிற்கிறார்கள். அவளுடைய மகளுக்கு முதல் முடியிறக்கம். மூன்று வயதுப் பிள்ளை, தாய்மாமன் முறைக்கு என் மடியில் உட்கார்ந்திருக்கிறது. தலையை நனைத்தாகிவிட்டது. கத்தியில் புது பிளேடு மாட்டிக்கொண்டு நிமிர்ந்த முடி எடுப்பவர், அவள் கேட்டதும் அப்படியே நின்றுவிட்டார்.

நடந்து ஒரு வருசம்கூட ஆகவில்லை. அவள் கேட்டதற்கு என்ன பதில் என்று எனக்கு அப்போதே தெரியும். ஊரில் என்னை வாயாடி என்பார்கள். பள்ளிக்கூடத்துக்குச் சரியாகப் போகாதவன், நாலு பேர் பேசுவதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவன். அப்படிப்பட்டவனுக்கு அன்றைக்கு ஒரு சொல் வரவில்லை.

எனக்கு ஒரே தங்கை. நர்சுக்குப் படித்து அமெரிக்கா போனாள். ஓக்லஹோமா என்கிற பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. அங்கேயே ஒருவரைப் பிடித்துப்போய்க் கல்யாணம் முடித்துக்கொண்டு எனக்குப் போன் போட்டாள்.

“அண்ணே, அவரு வெள்ளக்காரரு இல்ல. வெள்ளக்காரன் அந்த நாட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே அங்க இருந்த சனம். அம்மா சாக்டா, அப்பா சிக்கசா. ரெண்டும் ரெண்டு சனம். ஆனா பேச்சும் பழக்கமும் அண்ணன் தம்பி மாதிரி.”

“இப்ப இருக்க ஊருதான் அவுக சொந்த ஊரா?”

“இல்லண்ணே. கெழக்க, ஆறும் காடுமா இருந்த எடம். கவர்மெண்டு நெலத்தைப் புடுங்கிக்கிட்டு, குளிர்ல நடக்கவிட்டுத் தொரத்திருச்சு. நடந்த வழியிலயே போய்ச் சேந்தவங்க ஏகப்பட்ட பேரு. மிச்சம் வந்தவங்க வம்சம்தான் இவங்க.”

கேட்கும்போது எனக்கு நெஞ்சு கனத்தது. அது பொய்யில்லை. ஆனால் மறுநாள் வெள்ளனே பூண்டு மூட்டை ஏற்ற ஜீப்பை எடுத்துக்கொண்டு டீக்கடைப் பக்கம் போனபோது, “தங்கச்சி மாப்ள யாருப்பா?” என்று கேட்டார்கள். “வெள்ளக்காரரு” என்று சொல்லிவிட்டேன்.

யோசித்துச் சொன்னதில்லை. ஆனால் உள்ளே ஒரு கணக்கு ஓடியிருக்கிறது. எங்கள் ஊரில், இந்த மலைக்கே ஆதிச் சனமான பளியர் வீட்டு ஆள் டீ குடிக்க வந்தால் வெளியே நின்றே குடித்துவிட்டுப் போவதை யாரும் விசேஷமாக நினைப்பதில்லை. காட்டோடு இருந்த ஆதிச் சனம் என்று நான் ஆரம்பித்தால், அடுத்த கேள்வி எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். நான் அந்தக் கடைக்குள் உட்கார்ந்து டீ குடிக்கிறவன்தானே. வெளியே நிற்பவர்களைப் பார்த்தும் பார்க்காமல் குடித்தவன்.

சில வருசம் கழித்து, பிள்ளையோடு அவர்கள் ஊருக்கு வந்து இறங்கியபோது பார்க்கவேண்டுமே. மாப்பிள்ளை நல்ல மாநிறம். நெஞ்சு அகலம், முதுகு வரைக்கும் கறுகறுவென்று முடி. எங்கள் மலையில் பேத்துப்பாறை ஊர்க்காரர் ஒருவர் வெளியூர் போய்த் திரும்பினாற்போல இருந்தார்.

“ஏலே, வெள்ளக்காரருன்னியே, எங்கலே வெள்ளை?” என்றார் என் பெரியப்பா. கோயில் காரியம் எல்லாம் அவர் சொல்படிதான்.

“வெயில்ல நின்னு பாக்குற வேலை பெரியப்பா. கருத்துட்டாரு.”

“அப்படின்னா எங்களையெல்லாம் நெழல்ல வச்சு வளத்திருந்தா வெள்ளக்காரனா ஆகியிருப்பமாக்கும்?”

எல்லாரும் சிரித்தார்கள். என்ன சிரிப்பு என்று தெரியாமலே மாப்பிள்ளையும் சிரித்தார். அவர் அப்படித்தான். இரண்டே நாளில் எங்கள் தோட்டத்துப் பெண்களோடு உட்கார்ந்து பூண்டுத் தாளைச் சேர்த்துக் கட்டக் கற்றுக்கொண்டார். “நல்லா இருக்கா, மச்சான்?” என்று கட்டைத் தூக்கிக் காட்டுவார். என்னை மச்சான் என்று கூப்பிடத் தங்கை பழக்கியிருந்தாள். பிள்ளையோ என்னை “அமோஷி” என்றது. சாக்டா பேச்சில் தாய்மாமனுக்கு அதுதான் வார்த்தையாம். மாப்பிள்ளையின் அம்மா சொல்லிக் கொடுத்தது. அந்த அம்மா அங்கே பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவர். வேலை முடிந்து சாயங்காலம் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் தங்கள் பேச்சைச் சொல்லிக் கொடுக்கிற வகுப்பு வைத்திருக்கிறார். ஒருநாள் வீடியோவில் காட்டினார்கள். சர்ச்சுக்குப் பக்கத்தில் ஒரு கூடம். பெரிய அண்டாவில் மக்காச்சோளமும் பன்றிக்கறியும் கொதிக்கிறது. ஒருத்தர் சாக்டாவில் பாட்டு எடுத்துக் கொடுக்க, கூடமே பாடுகிறது. கோடு போட்ட மாதிரி வரிசையாக டைமண்டுக் கட்டம் தைத்த பாவாடை கட்டிக்கொண்டு சின்னப் பெண்கள் போனைப் பார்த்துக் கையாட்டினார்கள். எங்கள் ஊர்த் திருவிழாச் சமையலுக்கும் அதற்கும் பாட்டுதான் வித்தியாசம்.

“பிள்ளை உன்னை என்னப்பா கூப்புடுது?” என்று பெரியப்பா கேட்டார்.

“இங்கிலீசுல மாமா” என்றேன். பாருங்கள், அதற்குக்கூட ஒரு பொய்.

ஒருநாள் தோட்டத்து மேட்டில் உட்கார்ந்திருக்கும்போது மாப்பிள்ளை என்னிடம் மெதுவாக, எனக்குப் புரியும்படி இங்கிலீசில் சொன்னார். சுற்றுலாக்காரர்களை ஏற்றி இறக்கி நான் கற்ற இங்கிலீசு அதற்குப் போதும். அவர்கள் பழைய வழக்கத்தில் பிள்ளை அம்மா வழியைச் சேர்ந்ததாம். அப்பா எவ்வளவு பாசம் வைத்தாலும், பிள்ளையை ஆளாக்கும் பொறுப்பு தாய்மாமனுக்காம். இப்போது எல்லாம் மாறிவிட்டது என்றாலும் அவர் அம்மா அதை விடவில்லை. “என் வழியை என் மகளுக்கு நான் கொடுக்க முடியாது. கொடுக்கவேண்டியவர்கள் நீங்கள். அதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தோம்” என்றார்.

எங்கள் கணக்கு நேர் எதிர். பிள்ளை அப்பன் கொடிக்குத்தான். மகள் வயிற்றுப் பிள்ளைக்கு எங்கள் குலசாமியிடம் முடியிறக்க வழக்கமே இல்லை. பெரியப்பா சம்மதித்தது ஒரே காரணத்துக்காக.

“வெள்ளக்காரவுகளுக்கு ஏதுலே கொலசாமி? கொடியில்லாத புள்ளைக்கு நாம எடம் குடுத்தாச் சாமி கோவிச்சுக்காது” என்று அவர் சொல்லியிருந்தார்.

ஆக, அந்தப் பிள்ளைக்கு எங்கள் கோயிலில் கிடைத்த இடம் என் பொய்யின்மேல் நின்றது. உண்மையைச் சொன்னால் “அவுக வழிக்கே போகட்டும்” என்று விடுவார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பழைய வழக்கமோ “அம்மா வழிக்குப் போ” என்கிறது. நடுவில் பிள்ளை எங்கே நிற்கும்? இதைச் சொல்லி என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். நல்லதுக்குத்தானே என்று.

முடியிறக்கத்துக்கு முந்தின நாள்தான் கடையில் நடந்தது. தங்கை பிள்ளைக்குத் துணி எடுக்கக் கொடைக்கானல் போயிருந்தாள். மாப்பிள்ளையைக் கடை பெஞ்சில் உட்கார வைத்து எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். பெரியப்பா கேட்டார்: “மாப்ளைகிட்டக் கேளுலே, மொட்டை போடுறதுல அவருக்குச் சம்மதந்தானான்னு.”

கேட்டேன். மாப்பிள்ளை டீக் கிளாசைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார். அவர் அம்மாவைப் பெற்ற தாத்தாவைச் சின்ன வயதில் வீட்டிலிருந்து கொண்டுபோய் ஒரு விடுதிப் பள்ளிக்கூடத்தில் விட்டார்களாம். போன அன்றைக்கே முடியை ஒட்ட வெட்டிவிட்டார்களாம். சாக்டாவில் பேசினால் அடி. தாத்தா சாகிற வரைக்கும் பேரப்பிள்ளைகள் முடி வெட்டிக்கொள்ளும்போது வீட்டை விட்டு வெளியே போய்விடுவாராம். “அதனால் என் மகள் முடி என்றதும் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அது பிடுங்கியது. இது நீங்கள் உங்கள் தெய்வத்துக்குக் கொடுப்பது, பிள்ளையை உங்களோடு சேர்த்துக்கொள்வது. அதனால் சம்மதித்தேன். இதை இவர்களுக்குச் சொல்லுங்கள், மச்சான்.”

கண் கலங்கியிருந்தது அவருக்கு. அத்தனை பேரும் என் வாயைப் பார்த்தார்கள். இதைச் சொன்னால் முழுக்கதையும் சொல்லவேண்டும். பெரியப்பா எதிரிலேயே இருக்கிறார்.

“மொட்டை போடுறதுல அவருக்கு ரொம்ப சந்தோஷமாம். அவங்க தாத்தாவுக்கும் மொட்டைத் தலையாம்” என்றேன்.

கடையே சிரித்தது. ஒருவர் மாப்பிள்ளை முதுகில் தட்டினார். “எங்க ஊருப் பழனிக்கு ஒரு நடை வாங்க மாப்ள, அங்க ஊரே மொட்டைதான்!” என்றார் இன்னொருவர். மாப்பிள்ளை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அவர் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எழுத எனக்குக் கையில்லை. கிளாசை எடுத்து, ஆறிப்போன டீயைக் குடித்து முடித்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் அடுப்படிப் பக்கம் அவர் தங்கையிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. தாத்தாவைப் பற்றிச் சொன்னேன், அவர்கள் சிரித்தார்கள் என்றார். தங்கை கொஞ்சம் யோசித்து, “எங்க ஆளுங்க வருத்தம் வந்தா என்ன செய்றதுன்னு தெரியாமச் சிரிச்சிருவாங்க, நீங்க தப்பா எடுத்துக்காதீங்க” என்று இங்கிலீசில் சமாதானம் சொன்னாள். எங்கள் ஊர் மானத்தைக் காப்பாற்ற அவள் படுகிற பாட்டைக் கேட்டுக்கொண்டு நான் வாசலில் செருப்பைத் தேடுகிறவன் மாதிரி குனிந்து நின்றேன். அப்போதாவது உள்ளே போய்ச் சொல்லியிருக்கலாம். செருப்பு காலில்தான் கிடந்தது.

மறுநாள் கோயில். பொங்கல் வைத்தாயிற்று. மாப்பிள்ளை சிவப்புச் சட்டை போட்டு வந்திருந்தார், தோளில் அந்த டைமண்டு வரிசை, அவர் அம்மா கையால் தைத்தது. பிள்ளையை மடியில் வாங்கி நான் உட்கார்ந்தேன். பூசாரி வழக்கப்படி கேட்டார்: “புள்ள யாரு வழி?”

பெரியப்பா கையைக் கட்டிக்கொண்டு சாமியைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: “வழியில்லாத புள்ளைப்பா. அப்பன் வெள்ளக்காரரு. நம்ம சாமிதான் வழி குடுக்கணும்.”

தங்கை திரும்பினாள். “யாரு பெரியப்பா வெள்ளக்காரரு? யாரு வழியில்லாத புள்ள?”

“என்னத்தா இப்படிக் கேக்குற? ஒங்கண்ணந்தான் சொன்னான். மாப்ளைக்கும் மொட்டையில சந்தோஷம்னு நேத்துக் கடையில வச்சுச் சொன்னானே. தாத்தாவே மொட்டைன்னு சொல்லி நாங்கூடச் சிரிச்சனே.”

அவள் முகத்தில் ஒவ்வொன்றாக விளங்குவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அவங்க தாத்தாவோட முடிய வெட்டுன கதையா? அப்ப நேத்துக் கடையில அவரு அழுகாத கொறையாச் சொன்னதை, நீ இவங்ககிட்ட என்னன்னுண்ணே சொன்ன?”

பிள்ளை என் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தது. “அமோஷி, தண்ணி” என்றது, தலையைத் தொட்டுக் காட்டி. பெரியப்பா, “ஏலே, என்னலே சமாச்சாரம்?” என்றார். நான் தரையைப் பார்த்தேன்.

தங்கை காத்திருந்தாள். நான் சொல்வதற்கு வேண்டிய நேரம் கொடுத்தாள் என்றுதான் சொல்லவேண்டும். பிறகு மாப்பிள்ளை பக்கம் திரும்பி, எல்லாரும் இருக்கவே, அவர் கடையில் சொன்னதையும் நான் சொன்னதையும் இங்கிலீசில் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள். மாப்பிள்ளை என்னைப் பார்க்கவில்லை, பிள்ளையைத்தான் பார்த்தார். இந்த முடியைக் கொடுக்க இப்போதும் உங்களுக்குச் சம்மதமா என்று அவள் கேட்டாள். அவர் மெல்லத் தலையசைத்து, இல்லை என்றார்.

அவள் பெரியப்பாவிடம் வந்தாள். “இவ அப்பன் வழி சாக்டாவும் சிக்கசாவும் பெரியப்பா. வழியில்லாத புள்ள இல்ல” என்றாள். குனிந்து என் மடியிலிருந்து பிள்ளையைத் தூக்கினாள். முடி எடுப்பவரிடம், “நீங்க கத்திய உள்ள வச்சிருங்கண்ணே” என்றாள். கோயில் படியில் உட்கார்ந்து, பிள்ளையைக் கால்களுக்கு நடுவே நிறுத்தி, முந்தானையால் அந்த ஈரத் தலையைத் துவட்டிவிட்டு, முடியை மூன்றாகப் பிரித்துச் சடை பின்ன ஆரம்பித்தாள்.