கண்மாயில் இறங்கிய ஏரோப்பிளேன்

சபையாரே, என் மகள் எஸ்தர் உயிரோடு இருக்கிறாள். அதற்காகத்தான் இன்று எழுந்து நிற்கிறேன். ஆனால் ஸ்தோத்திரம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார எனக்கு வாய் வரவில்லை. என் மனக்கசப்பையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

யுத்தம் வந்தபிறகு நம் ஊருக்கு மேலேயும் ஏரோப்பிளேன்கள் போக ஆரம்பித்தன. நம்முடையது எது, எதிரியுடையது எது என்று யாருக்குத் தெரியும்? இராஜபாளையம் மில்லில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் அங்கே சொல்லிக்கொடுத்ததை இங்கே வந்து நமக்குச் சொல்லிக்கொடுத்தார்.

"சத்தம் கேட்டா ஓடாதீக. இருந்த எடத்துலயே குப்புறப் படுத்துக் காதைப் பொத்திக்கிடுங்க."

பிள்ளைகளைத் தரையில் படுக்கவைத்தே பழக்கினார். நாமும் ஞாயிறுதோறும் முழங்காலில் நின்று ஒரே ஜெபத்தைத்தான் செய்தோம். ஆண்டவரே, அந்தச் சத்தம் எங்கள் தலைக்குமேல் கேட்க வேண்டாம். அதில் என் குரல்தான் ஓங்கி இருக்கும்.

போன வைகாசியில் கண்மாய் வற்றிக் கிடந்தது. எல்லா வருஷமும் போல ஊரே உள்ளே இறங்கி, வயலுக்கு உரமாகப் போடக் கரம்பை மண் அள்ளியது. நான் கரைமேல் நின்று வண்டியில் மண்ணைக் கொட்டிக்கொண்டிருந்தேன். எஸ்தர் கீழே கூடையைச் சுமந்து வந்துகொண்டிருந்தாள். தலையில் கூடை இருந்தால் யாரும் வானத்தை அண்ணாந்து பார்ப்பதில்லை.

மலைப் பக்கமிருந்து ஒரு ஏரோப்பிளேன் தாழ்ந்து வந்தது. இஞ்சின் நின்றுபோய்விட்டது. சத்தமே இல்லை. நாம் ஜெபத்தில் கேட்டது அதுதானே? அதனால் பக்கத்தில் வரும்வரை ஒருவருக்கும் தெரியவில்லை.

"ஏலே, பிளேனு! படுங்கலே!" என்று யாரோ கத்தினார்கள்.

கூடைகளை வீசிவிட்டு எல்லோரும் படுத்தார்கள். ஓடியிருந்தால் வழி விட்டிருக்கலாம். அது குண்டு போட வரவில்லை, தரை தேடி வருகிறது என்று அந்த நேரத்தில் யாருக்குத் தோன்றும்? அது வந்து இறங்கவேண்டிய சமதளத்தில், நட்டநடுவில், என் மகள் குப்புறக் கிடந்தாள்.

"ஏட்டி எஸ்தரு, எந்திரிச்சு ஓடுட்டி!"

அவளுக்குக் கேட்கவில்லை. அப்பா சொல்லிக்கொடுத்தபடி இரண்டு காதையும் பொத்தியிருந்தாள். "இயேசப்பா, அவளை மட்டும் காப்பாத்தும்" என்றேன். அவளை மட்டும். அப்படித்தான் கேட்டேன்.

ஏரோப்பிளேன் சட்டென்று ஒருபக்கம் சாய்ந்து திரும்பியது. இறக்கை தரையில் குத்த, உருண்டுபோய் மதகுச் சுவரில் மோதியது. படுத்திருந்தவர்களில் ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. அதை ஓட்டி வந்தவர் ஒருவர்தான். வெளியே தூக்கும்போதே உயிர் இல்லை. சின்ன வயசு. எந்தத் தாய் பெற்ற பிள்ளையோ.

மறுநாள் உடைந்த ஏரோப்பிளேனுக்குக் காவலாக வந்த சிப்பாய்களில் ஒருவர் திருநெல்வேலிக்காரர். அவருக்குத் தண்ணீர் கொண்டுபோனபோது, ஏரோப்பிளேனை ஓட்டி வந்தவர் ஏன் அப்படித் திரும்பினார் என்று கேட்டேன்.

"இஞ்சின் நின்ன பொறவு, அம்புட்டுத் தாழ வந்துட்டா திரும்பவே கூடாதும்மா. அவியளுக்கு அதுதான் மொதப் பாடம். திரும்புனா எறக்கை சாஞ்சிரும். நேரா வந்து எறங்கியிருந்தா பொழச்சிருப்பாவ."

"நேரா வந்திருந்தா எம் மக?"

அவர் செம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டார்.

ஆண்டவர் உன் ஜெபத்தைக் கேட்டார் என்று நீங்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதீர்கள். கேட்டார். நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அன்று காலை அந்தப் பிள்ளையின் தாயும் எங்கோ முழங்காலில் நின்றிருப்பாளே, அவள் தன் சபையில் எழுந்து என்ன சாட்சி சொல்வாள்? இதை ஆண்டவரிடமே கோபமாகக் கேட்டேன். இன்னும் பதில் வரவில்லை. அதற்காக அவரை விட்டுப் போகவும் முடியவில்லை. எஸ்தருக்குத் தலை பின்னும்போதெல்லாம் அவருக்கு நன்றி சொல்லிக்கொண்டேதான் பின்னுகிறேன்.

இப்போது ஏரோப்பிளேன் சத்தம் கேட்டால் நாங்கள் படுப்பதில்லை. நானும் எஸ்தரும் வாசலில் முழங்காலிட்டு, அந்தச் சத்தம் நின்றுவிடக் கூடாது என்று ஜெபிக்கிறோம். நீங்களும் வந்து எங்களோடு முழங்காலிடுங்கள். அவர் செவிகொடுக்கிறவர், அதை நான் கண்ணால் கண்டேன். அதனால்தான் சொல்கிறேன், யோசித்துக் கேளுங்கள்.