இடுப்புவலி என்று நான் சொன்ன நோய்

அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. அவர் எந்த நோயால் இறந்தார் என்பதை இந்த நினைவு மலரில் எழுத வேண்டாம் என்று உறவினர் சிலர் கேட்டுக்கொண்டார்கள். அவர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் எழுதுகிறேன். அப்பாவுக்கு வந்தது புரொஸ்டேட் புற்றுநோய். அந்தச் சுரப்பி ஆண்களுக்கு மட்டும் உள்ளது. சலப்பைக்கு, அதாவது சிறுநீர்ப்பைக்கு, கீழே இருக்கிறது.

அப்பா பாலையூற்றில் பிறந்தவர். எங்களை ஊரார் காப்பிரியர் என்பார்கள். போர்த்துக்கீசர் காலத்தில் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழி நாங்கள். அப்பா அதை ஒருநாளும் மறைத்தவர் அல்லர். அப்பா வேலை செய்த கடற்படை டொக்யாட்டில் ஒருவன் அவரைக் "கறுவல்" என்று கூப்பிட்டபோது, "இது கழுவினாலும் போகாது தம்பி. உன்ர கழுத்து அழுக்குப் போகும், போய்க் குளி" என்றாராம். அன்றிலிருந்து அந்த மனிதர் அப்பாவின் சிநேகிதர்.

வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தை விட்டுப் போனதும் டொக்யாட் வேலை போயிற்று. பிறகு துறைமுகத்தில் மூடை சுமந்தார். தமக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது என்பதற்காகவே என்னைக் கன்னியாஸ்திரிகளின் பாடசாலைக்கு அனுப்பினார். எங்கள் குடும்பத்தில் படிப்பை முடித்த முதல் ஆள் நான். ஆங்கிலமும் கற்றேன். அரசாங்கக் கந்தோரான கச்சேரிக்கும் தபாற்கந்தோருக்கும் அப்பா என்னையே அழைத்துப் போவார். "என்ர மகள் கதைப்பா" என்று சொல்லிவிட்டு ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்பார். எனக்கு அது பெருமை.

அப்பாவின் தகப்பனாரும் மூத்த அண்ணனும் இடுப்பு விழுந்து, கால் விழுந்து இறந்தவர்கள். பாரம் தூக்கியவர்களுக்கு அப்படித்தான் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். இடுப்புவலி எங்கள் ஆண்களுக்கு ஒரு மரியாதை போலவே இருந்தது. உழைத்தவன் என்பதற்கு அது சாட்சி. ஆகவே அப்பாவுக்கு வலி வந்தபோது அம்மா எண்ணெய் போட்டு உருவினார். வேறொன்றும் செய்யவில்லை.

எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் முன்வரிசையில் இருப்பவர் அப்பா. அக்காலத்தில் கதவோரத்துக் கடைசி வாங்குப் பலகைக்கு மாறினார். பூசைக்குப் புறப்படும் முன் தேத்தண்ணி குடிப்பதையும் நிறுத்தினார். மாமா, அதாவது அம்மாவின் தம்பி, பகிடி பண்ணினார்.

"என்னத்தான், சாமியாரோட கோவமோ? ஓடுறதுக்கு ரெடியா இருக்கிறியள்."

"உன்ர பாட்டைக் கிட்ட இருந்து கேக்க ஏலாது, அதுதான்" என்றார் அப்பா.

எல்லோரும் சிரித்தோம். சலம் அடக்க முடியாமல்தான் அவர் கதவோரம் இருந்தார் என்பது அம்மாவுக்கு மட்டும் தெரியும். யாருக்கும் சொல்லக்கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

வலி கூடியபோது நான்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டொக்டர் சிங்களவர், நல்ல மனிதர். ஆங்கிலத்தில் பேசினோம். இடுப்புவலி என்றேன். சலம் போவதில் கஷ்டம் உண்டா என்று அவர் கேட்டார்.

"அப்பா, சலம் போறது சரியோ எண்டு கேக்கிறார்."

அப்பா சுவரைப் பார்த்தார். "ஓம் பிள்ளை, எல்லாம் சரி."

சரியாம் என்று நல்ல ஆங்கிலத்தில் சொன்னேன். வலிக்குக் குளிசை தந்தார்கள். வீட்டுக்கு வந்தோம்.

ஒரு வருடத்துக்கு மேல் போனபின் அப்பாவால் எழுந்து நிற்க முடியவில்லை. இம்முறை வார்டில் சேர்த்தார்கள். கிண்ணியாவைச் சேர்ந்த ஊழியர் ஒருவர் திரையை இழுத்துவிட்டு, "தங்கச்சி, கொஞ்சம் வெளிய நில்லுங்க" என்றார். திரைக்கு இப்பால் நின்றேன். இரண்டு நிமிடம் இருக்கும். அப்பா எல்லாவற்றையும் சொன்னார். சொட்டுச் சொட்டாகப் போவதை, இரத்தம் கண்டதை, மூன்று வருடமாக அப்படி இருப்பதை.

"ஏன் அண்ணே முந்தியே சொல்லல்ல?"

"மகள்தானே தம்பி கதைக்கிறவ. பெத்த பிள்ளையிட்ட அதை எப்பிடிச் சொல்றது?"

நோய் அதற்குள் எலும்புக்குப் போய்விட்டது. மாற்ற ஏலாது, தணிக்கலாம் என்றார்கள். விதைப்பையில் உள்ள விதைகளை அகற்றும் சத்திரசிகிச்சைக்கு அப்பா பல நாள் உடன்படவில்லை. பிறகு, வலி தாங்காமல் உடன்பட்டார். சில மாதம் வலி குறைந்தது. பின் திரும்பி வந்தது. கொடுத்த குளிசையால் மார்பு பெண்களுக்குப் போலப் பருத்தது. அதை மறைக்க வெயிலிலும் துவாயால் போர்த்திக்கொண்டார். கோயிலுக்குப் போவதை நிறுத்தினார்.

ஆபிரிக்க வழிவந்த ஆண்களுக்கு இந்நோய் கூடுதலாக வருவதாகவும், தகப்பனுக்கு இருந்தால் பிள்ளைக்கும் வரக்கூடும் என்றும் பிற தேசத்து வைத்தியர்கள் சொல்வதாக டொக்டர் சொன்னார். உங்கள் ஆட்களை இதுவரை யாரும் பரிசோதித்துப் பார்க்கவில்லை என்றார். அதை அப்பாவிடம் சொன்னேன்.

"அப்ப எங்கட ஐயாவையும் அண்ணனையும் மூடை கொல்லேல்லை" என்றார்.

கடைசி வாரங்களில் படுக்கையைத் தொட்டாலே அலறினார். அவரைச் சுகமாக இறந்தார் என்று யாரும் சொல்ல வேண்டாம். அவர் சுகமாக இறக்கவில்லை.

கதிரையில் வைத்து அவரை வீதிவரை சுமந்த அயலவருக்கும், வீட்டுக்கு வந்து நற்கருணை தந்த சுவாமிக்கும், அடக்கத்தன்று சமைத்துத் தந்த மூதூர்க் குடும்பத்துக்கும், திரையை இழுத்துவிட்ட அந்த ஊழியருக்கும் எங்கள் குடும்பம் நன்றியுடையது. அப்பாவின் கழிவைக் கடைசிவரை தானே அள்ளிய அம்மாவுக்கு நன்றி சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

மாமா, சித்தப்பா, தம்பி, இதை வாசிக்கும் எங்கள் ஆண்கள் எல்லோருக்கும் ஒன்று சொல்கிறேன். சலம் தடைப்பட்டால், இரத்தம் கண்டால், இடுப்பு விடாமல் வலித்தால் உடனே டொக்டரிடம் போங்கள். பாஷைக்கு மகளைக் கூட்டிப் போனால், வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு வேறொரு ஆணைக் கூப்பிடுங்கள். எங்களுக்கு அதில் அவமானம் இல்லை.

முதல்முறை ஆஸ்பத்திரிக்குப் போன அன்று எனக்கு வெளியே போகத் தோன்றவில்லை. அப்பாவும் போகச் சொல்லவில்லை. நான் பேசுவதைக் கேட்டுக்கொண்டு, பெருமையோடு பக்கத்தில் இருந்தார்.